பாதி வழியில் திரும்பிய விமானம்

ஊரில் அவளை மலைக்காரி என்றுதான் அழைத்தார்கள். எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கேலியாக வைத்த பெயர். பணி ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன பிறகும் மளிகைக் கடைக்காரரும் தபால்காரரும் அதை விடவில்லை. வயது ஏறியதற்கு மரியாதையாக ஒரு 'அம்மா'வைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இப்போதும் காலையில் எழுந்ததும் சமையலறை ஜன்னலைத் திறந்து, மலை உச்சியிலிருந்து கிளம்பும் ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். பார்த்ததை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தில் இப்போது திரைகள் இருக்கின்றன, செயற்கைக்கோள் படங்கள் வருகின்றன, மனிதக் காதுக்கு எட்டாத முழக்கத்தைக் கேட்கும் கருவிகள்கூட வந்துவிட்டன. ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டினார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. அவள் காலத்தைவிட நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்வதில் அவளுக்குக் கஷ்டம் ஏதும் இல்லை. திரும்பி வரும்போது அந்த அறையில் எதுவோ குறைகிறதே என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. மை வாடை.

அவள் வேலை பார்த்த காலத்தில் நிலையம், முன்பு கால்நடை மருத்துவமனையாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்கியது. மழை பெய்தால் பதிவறைச் சுவரிலிருந்து மாட்டு மருந்து வாடை கிளம்பும். அதோடு மை வாடையும் தேநீர் வாடையும் கலந்துகொள்ளும். மலைச்சரிவில் மூன்று இடங்களில் கருவிகளைப் புதைத்திருந்தார்கள். நிலத்தின் அதிர்வை அவை வானொலி அலையாக அனுப்ப, இங்கே மெல்லச் சுழலும் உருளைகளின் மேல் சுற்றிய காகிதத்தில் ஊசிகள் கோடு போடும். நிலம் சும்மா இருந்தால் கோடு நேராகப் போகும். லாரி போனால் ஒரு மாதிரி ஆடும், கடல் கொந்தளித்தால் வேறு மாதிரி, எங்கோ தொலைவில் பூமி குலுங்கினால் இன்னொரு மாதிரி. பழகப் பழக, தெரிந்தவர் கையெழுத்தைப் போல அவளுக்கு ஒவ்வொன்றும் பிடிபட்டது. நிலவறையில் தனியாக ஒரு கருவி இருந்தது. தலைவர் படியிறங்கி வருவதை அது முன்கூட்டியே எழுதிவிடும். அரட்டையில் இருப்பவர்கள் ஊசியைப் பார்த்துவிட்டு, அவர் கதவைத் திறக்கும்போது வேலையில் மூழ்கியிருப்பார்கள். தன்னிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பேச்சே இல்லாத ஊமைகள் என்று அவர் கடைசிவரை நம்பினார்.

தலைவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பொறுங்க'. எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்லும் சொல் அது. விடுமுறை கேட்டால் பொறுங்க. சம்பள உயர்வுக்கும் பொறுங்க. மலைக்கும் அதேதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பொறுக்கச் சொல்லும் அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்திருந்தார். விமானங்களுக்கு எச்சரிக்கை சொல்லும் முடிவு, அந்த நேரத்தில் ஊசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருடையது. மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. தலைவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விமானம் ஒரு மலையையே கடந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. அது பொடியாகிப்போன பாறையும் கண்ணாடியும். விமான எந்திரத்துக்குள் போனால் அங்கே இருக்கும் சூட்டில் உருகி, உள்ளே ஒட்டிக்கொண்டு எந்திரத்தை அடைத்துவிடும். மழை மேகத்தைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் சாம்பல் மேகத்தைக் காட்டாது. விமானியின் கண்ணுக்கு அதுவும் இன்னொரு மேகம்தான். ஆகவே கீழே இருக்கிற ஒருவர் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு நான்கு நிறங்கள் உண்டு. பச்சை என்றால் மலை அமைதி. மஞ்சள் என்றால் வழக்கத்துக்கு மாறாக ஏதோ நடக்கிறது. ஆரஞ்சு என்றால் அது வலுக்கிறது. சிவப்பு என்றால் சாம்பல் கிளம்பிவிட்டது, அல்லது கிளம்பப் போகிறது. இதற்கென்றே இருந்த தனித் தொலைபேசியை எடுத்தால் நேராக விமானக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அந்தப் பக்கம் எப்போதும் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு குரல். கோபுரத்துக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். நிறத்தைச் சொல்ல வேண்டும், அவர் அதைத் திருப்பிச் சொல்வார். நலம் விசாரிக்கக்கூடக் கூடாது. ஊருக்குச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

ஊருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. மளிகைக் கடைக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"என்னம்மா, கீழ இருக்கிற எங்களை விட்டுட்டு மேல போறவனுக்குத்தான் முதல்ல சொல்லுவீங்களாமே. உங்களுக்கு அரிசி பருப்பு கட்டித் தர்றது நாங்களா அவனா?"

"நீங்கதாண்ணே. ஆனா நீங்க வாசல்ல வந்து நின்னாலே மலை தெரியும். அவங்களுக்கு வாசல் இல்லையே."

"வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல," என்றபடி அவர் பொட்டலத்தைக் கட்டினார். கட்டியதில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒருமுறை தப்பாகச் சொல்லியிருந்தாள். மேல்சரிவுக் கருவியின் ஊசி விட்டு விட்டு ஆடியது. அவள் ஆரஞ்சு என்றாள். பிறகு ஆள் அனுப்பிப் பார்த்தால், ஒரு மாடு வேலியைத் தாண்டிப் போய், கருவி வைத்திருந்த சிமெண்டுத் தூணில் சாவகாசமாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் நிலையத்தில் காரணம் தெரியாத எந்த அசைவுக்கும் 'மாட்டு நடுக்கம்' என்று பெயர் வந்துவிட்டது. கோபுரத்துக்காரர்கூட, விதியை மீறி, "மாடு சௌக்கியமா?" என்று ஒருமுறை கேட்டார்.

அப்போது வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா முன்பே போய்விட்டார். அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், வேறொரு ஊரில் இருந்தாள். லாரி ஓட்டுநர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள்.

"வருஷத்துல பாதி நாள் ரோட்டுல கிடக்கிறவன் கூட என்னடி குடும்பம்?" என்று அம்மா கேட்டாள்.

"மீதி பாதி வீட்டுல இருப்பாரில்ல? அது போதும்."

"போறவ போ. நான் கூப்பிடுவேன்னு மட்டும் நினைக்காத. வரணும்னா நீயா வா."

"நீ கூப்பிடாம நான் வர மாட்டேன்."

ஆளுக்கு ஒரு சொல். இரண்டும் உடனே ஆறிப்போயிருக்க வேண்டிய சொற்கள். யாரும் திரும்பப் பெறாததால் இறுகிவிட்டன. ஒரே வீட்டில் பிறந்து ஒரே பிடிவாதத்தைப் பங்கு போட்டுக்கொண்ட இருவர், வருடக்கணக்கில் ஒருவர் குரலை ஒருவர் கேட்காமல் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் தொலைபேசிக் கம்பி போல அவள் இருந்தாள். அக்கா நிலையத்துக்குத்தான் தொலைபேசி செய்வாள்.

"இன்னைக்கு அம்மா என்ன நிறம்?"

"காலையில மஞ்சள். பால் பொங்கி வழிஞ்சதுல ஆரஞ்சு ஆயிடுச்சு."

"அப்ப நான் கூப்பிட்டதா சொல்லாத."

"பச்சையா இருந்தப்ப மட்டும் சொல்லச் சொன்னியா?"

"ஏய் சின்னவளே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

வீட்டுக்குப் போனால் அம்மா, எதையோ தேடுகிற பாவனையில், "இன்னைக்கு போன் ஏதாவது வந்துச்சா, ஆபீசுக்கு?" என்று கேட்பாள். யாரிடமிருந்து என்று கேட்க மாட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். செய்தி கேட்டதும் அக்கா தொலைபேசியில் வருகிறேன் என்றாள். அவளுக்குக் கப்பல் ஆகாது, விமானம் பயம்.

"கப்பல்ல ஏறினா குடல் வெளிய வந்துடும். விமானத்துல ஏறினா உயிரு வெளிய வந்துடும்."

"ரெண்டுல எதுக்கா?"

"எது சீக்கிரம் முடியுமோ அது. ஒரே ஒரு தடவைதான் ஏறுவேன், சொல்லிட்டேன். இந்தத் தடவை அம்மா கதவைத் திறக்கலைன்னா அதோட சரி. மறுபடி என்னால இந்தத் தைரியத்தைச் சேக்க முடியாது."

அம்மாவிடம் சொன்னபோது, "வந்தா வரட்டும்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அக்கா வரும் நாள் காலையில், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் அக்காவின் பழைய அறைத் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். உறை வாய்க்குள் தலையணை போவதாக இல்லை. உதவிக்குப் போனவளை, "நீ வேலைக்குக் கிளம்பு" என்று விரட்டினாள். அம்மா தலை குளித்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

நிலையத்தில் அவள் முறை. மலை மஞ்சளில் இருந்தது. சில நாட்களாகவே சின்னச் சின்ன அசைவுகள். மேகம் அடிவாரம்வரை இறங்கி மூடியிருந்ததால் ஜன்னலில் மலை இல்லை, வெள்ளைதான் இருந்தது. மழை தூறியது. தேநீர் குடித்துவிட்டு அவள் உருளையைப் பார்த்தபோது கோடு தடித்திருந்தது. ஊசி வெட்டி வெட்டி ஆடவில்லை. விடாமல், தாழ்ந்த குரலில் ஒருவர் பேசிக்கொண்டே போவதைப்போல ஆடிக்கொண்டிருந்தது.

தலைவர் வந்து குனிந்து பார்த்தார். "பொறுங்க. மேல நல்ல மழை. ஓடையில வெள்ளம் வந்தாலும் இப்படித்தான் ஆடும்."

"மூணு கருவியிலயும் ஆடுது சார்."

"மூணு பக்கமும்தானே மழை பெய்யுது."

அது முட்டாள்தனமான பதில் அல்ல. ஓடை வெள்ளத்தில் கல் உருண்டால் ஊசி அப்படித்தான் ஆடும். துறைமுகத்துக்குத் தொலைபேசி செய்து, மலை தெரிகிறதா என்று கேட்டார்கள். மேகம்தான் தெரிகிறது என்றார்கள். கோடு இன்னும் தடித்தது.

காலை விமானம் கிளம்பிவிட்ட நேரம் அவளுக்குத் தெரியும். அதில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும்.

பொறுக்கலாம் என்று மனம் சொன்னது. வெள்ளமாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் மேகம் விலகலாம். ஏற்கெனவே ஒரு மாடு விஷயம் இருக்கிறது. காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் யோக்கியமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்தன. அதுதான் அவளை உறுத்தியது. அக்கா அந்த விமானத்தில் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லாததைப்போல நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தன் கண்ணை இனி நம்ப முடியாது என்று தெரிந்தது. ஊசி மட்டும் யாருடைய தங்கையும் இல்லை.

தொலைபேசியை எடுத்தாள்.

"சிவப்பு."

"மறுபடி சொல்லுங்க."

"சிவப்பு."

"காலை விமானம் ஜலசந்தியைத் தாண்டியாச்சு," என்றார் கோபுரத்துக்காரர். இதுவும் விதியில் இல்லாத பேச்சு.

"தெரியும்."

"சிவப்பு," என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

பிறகு இடி முழங்கவில்லை. வானம் கறுக்கவில்லை. ஊசி மதியம்வரை ஆடியது. ஒருமுறை காகிதத்தின் விளிம்பைத் தொடும் அளவுக்கு வீசியது. பிறகு களைத்ததைப்போல அடங்கிவிட்டது. மறுநாள் மேகம் விலகியபோது, தெற்குச் சரிவுத் தோட்டங்களில் முட்டைக்கோஸ் இலைகளின் மேல் சாம்பல் நிறப் பொடி மெல்லியதாகப் படிந்திருந்தது. மேகத்துக்குள் அது எவ்வளவு உயரம் போனது, விமானம் வரும் பாதையைத் தொட்டதா, தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நடந்துவிட்ட விபத்துக்கு நூறு சாட்சிகள் வருவார்கள். நடக்காமல் போனதற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் அதோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

தலைவர் காகிதத்தை உருளையிலிருந்து பிரித்து, மேஜையில் விரித்து, நெடுநேரம் பார்த்தார். "நானா இருந்தா பொறுத்திருப்பேன்," என்றார். அது சரியாக இருந்திருக்கும் என்றும் சொல்லவில்லை, தவறாக இருந்திருக்கும் என்றும் சொல்லவில்லை.

அன்று மதியமே அக்கா கூப்பிட்டிருந்தாள், கிளம்பிய ஊரின் விமான நிலையத்திலிருந்து.

"என்ன மலைக்காரி, உன் மலை என்னைத் திருப்பி அனுப்பிடுச்சே."

"ஆமாக்கா."

"யாரு சொன்னது திரும்பச் சொல்லி? அந்தப் 'பொறுங்க'வா?"

"நான்தான்."

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

அக்காவுக்குப் பின்னால் யாரோ பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"திரும்புறோம்னு அறிவிச்சதும் எல்லாரும் யாரையோ திட்டினாங்க," என்றாள் அக்கா. "நானும் சேந்து திட்டினேன். நல்லாவே திட்டினேன். நீன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சேத்துத் திட்டியிருப்பேன்."

"அடுத்த வாரம் மலை அடங்கிடும்க்கா."

"அடங்கட்டும். நான் ஒரு தடவைதான்னு சொன்னேன். அந்தத் தடவை முடிஞ்சது. அம்மாகிட்ட சொல்லிடு."

அவள் வீட்டுக்குப் போனபோது அம்மா முன்னறையில் நாற்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"வரலையா?"

"விமானம் பாதியில திரும்பிடுச்சும்மா. மலையில ஒரு மாதிரியா இருந்துச்சு. நான்தான் சொன்னேன்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அவ ஏறினாளா?"

"ஏறினா."

"எங்க வரைக்கும் வந்தா?"

"ஜலசந்தியைத் தாண்டிட்டா."

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். காட்டு."

அவள் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டை அக்காவின் ஊராகவும் தண்ணீர்க் குவளையை இந்த ஊராகவும் வைத்து, நடுவில் விரலால் கோடு இழுத்து, ஓரிடத்தில் நிறுத்தினாள். விரல் குவளைக்குப் பக்கத்தில்தான் நின்றது. அம்மா அந்த இடத்தையே பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டாளா?"

"ஆமா."

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் வந்திருப்பா. சின்னதுல ஊசி போடக் கூட்டிட்டுப் போனாலும் அப்படித்தான். கையை நீட்டுவா, கண்ணைத் திறக்க மாட்டா." அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "சாப்பாடு ஆறுது, வா."

அதற்குப் பிறகு சில நாட்கள் அந்தப் பேச்சே இல்லை. ஒருநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டாள்.

"கப்பல் என்னைக்கு?"

"எந்தக் கப்பல்? யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கா கேப்பேன்? எனக்குத்தான்."

"அம்மா, கையில கட்டோடயா? அவ வந்தா வரட்டும்னு நீதானே சொன்னே?"

"வந்தாச்சேடி. நான் கூப்பிடாம வர மாட்டேன்னு சொன்னவ, கூப்பிடாமலே ஏறி உக்காந்து அவ்வளவு தூரம் வந்துட்டா. நடுவுல மறிச்சது மலை. அதுக்கு அவ என்ன பண்ணுவா? மீதி கொஞ்ச தூரம்தானே, நான் போறேன்."

"மீதி கொஞ்சம் இல்லம்மா. அவ திரும்பிப் போயிட்டா. இப்ப முழுத் தூரமும் நீதான் போகணும்."

"கணக்கு உன் ஆபீசுலயே இருக்கட்டும்," என்றாள் அம்மா.

துறைமுகத்தில் அம்மா பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. நல்ல கையில் அவளே தூக்கிக்கொண்டாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். அப்போது அதை இருவருமே நம்பினார்கள். ஒரு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். பிறகு அக்காவின் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது. பிறகு லாரிக்காரருக்குக் காய்ச்சல். "மனுஷன் ரோட்டுலயே கிடந்து உடம்பைக் கெடுத்துக்கிட்டாரு, பாக்க ஆள் வேண்டாமா?" என்று அம்மா தொலைபேசியில் அவளைத்தான் கேட்டாள். அதன்பின் திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அக்காவை அம்மா இழந்துவிடக் கூடாது என்று மட்டும்தான் பயந்திருந்தாள். அம்மாவைத் தான் இழக்க நேரும் என்பது கணக்கிலேயே இல்லை. மாலையில் வீடு திரும்பினால் கதவைத் தானே திறந்து, விளக்கைத் தானே போட வேண்டியிருந்தது. ஆபீசுக்குப் போன் வந்ததா என்று கேட்க ஆளில்லை. முதுமையில் அவள் நினைத்து ஏங்குவது இளமையையோ வேலையையோ அல்ல. அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் வெறும் தூதாக இருந்த அந்த வருடங்களைத்தான். இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தபோது, இரண்டு பக்கத்துக்கும் அவள் தேவைப்பட்டாள்.

அடுத்த விடுமுறை கிடைத்ததும் கப்பலேறி அக்காவின் ஊருக்குப் போனாள். லாரிப் பட்டறைகள் வரிசையாக இருந்த ஒரு தெருவின் கோடியில் வீடு. கதவு ஒருக்களித்திருந்தது. தட்டப் போனவள், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு நின்றாள்.

"இப்படியா துணி மடிப்பாங்க?"

"என் வீடு, என் அலமாரி. நான் இப்படித்தான் மடிப்பேன்."

"உன் வீடுதான். புடவை யாருது? என்னுது."

"அப்ப நீயே மடிச்சுக்க."

"மடிக்கத்தான் போறேன். நகரு. இதுக்கா இவ்வளவு தூரம் கப்பல்ல வந்தேன்?"

"நான் விமானத்துலயே ஏறினவ, தெரியுமில்ல?"

"பாதி வழிதானே வந்தே. நான் முழுசா வந்தேன்."

"சின்னவ திருப்பி அனுப்பிட்டா, நான் என்ன பண்ண?" என்றாள் அக்கா. "ஆமா, கப்பல் இந்நேரம் வந்திருக்கணுமே. இன்னும் காணோம்."

"வருவா, வருவா. அவளை யாரு மறிக்கப் போறா?"

வெளியே நின்றவள் பெட்டியை இறக்கி வைத்தாள். சண்டை முடியட்டும், பிறகு உள்ளே போகலாம் என்று படியில் உட்கார்ந்தாள். அது சீக்கிரம் முடிகிற சண்டையாகத் தெரியவில்லை.